கொடியும் வலையும்

இன்பத்தை விரும்பாத உயிரும் இல்லை. துன்பத்திற்கு அஞ்சாத உயிரும் இல்லை. அறநெறி பயில்வோர்க்கு இது முதற்பாடம். ஆயினும் இப்பாடத்திலிருந்து எழும் ஒரு வினாவிற்கு விடை கூறுவது அத்துணை எளிதன்று. நாம் நுகரும் இன்பம் எவர்க்கும் தீங்கற்றதாகவே நமக்குத் தோன்றுகிறது. ஆனால், அவ்வின்பத்தை நமக்கு அச்சமற்றதாக ஆக்கித் தருவதற்காக, நம் கண்ணுக்கெட்டாத இடத்தில், நாம் கேளாமலேயே, வேறொருவர் பிற உயிர்களை மாய்க்கின்றனர். அக்கொலையில் நமக்குப் பங்கு உண்டா? உண்டெனில் எவ்வளவு?

நூல்களைப் பயின்றபோது இவ்வினா நம்மை இத்துணை அழுத்தமாகத் தொட்டதில்லை. ஒரு கடற்கரையில் ஒரு நாட்பொழுதைக் கழித்தபோதே தொட்டது. அந்நாளில் நம் உள்ளத்தில் தோன்றிய, இன்றும் எண்ணி நாணுகின்ற ஒரு நினைவையும் மறைக்காமல் ஈண்டு எழுதுகிறோம். குற்றத்தை மறைத்துக்கொண்டு அறம் பேசுவது முறையன்று அல்லவா?

மேன்லிக் கடற்கரை

2024ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், ஆஸ்திரேலிய நாட்டின் சிட்னி நகரில் பணிபுரியும் நம் மகனின் இல்லத்தில் தங்கியிருந்தோம். நம் ஊரில் தைப்பனி பெய்யும் அந்நாட்களில் அங்கே கடுங்கோடை. ஒரு சனிக்கிழமையன்று 13 வயதுப் பேத்தி, “தாத்தா, இன்றைக்கு மேன்லிக்குப் போகலாம்” என்று வற்புறுத்தவே, புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் கட்டிக்கொண்டு குடும்பத்துடன் புறப்பட்டோம். அந்நாட்டுக் கோடையில் கதிரவன் மறைய ஏறத்தாழ 8 மணி ஆகிவிடும். ஆகவே இரவில் உண்ணா நியமத்திற்கு இடையூறின்றிப் பொழுதிருக்கவே உண்டு முடிக்கலாம் என்பதும் ஓர் ஆறுதல்.

சர்குலர் கீ என்னும் படகுத்துறையிலிருந்து கிளம்பும் பயணப் படகு, புகழ்பெற்ற ஒபரா மாளிகையைக் கடந்து, ஏறத்தாழ அரைமணி நேரத்தில் மேன்லித் துறையை அடைகிறது. அத்துறைப் பக்கத்து நீர் ஏரிபோல் அமைதியாக இருக்கிறது. அங்கிருந்து கோர்சோ என்னும் கடைவீதி வழியே சில நிமிடங்கள் நடந்தால், மறுபக்கத்தில் பசிபிக் பெருங்கடல் ஆர்ப்பரிக்கிறது. ஒன்றரைக் கிலோமீட்டர் அளவிற்கு நீண்ட மணற்கரை. அதனை ஒட்டி வரிசையாக உயர்ந்து நிற்கும் நார்ஃபோக் பைன் மரங்கள். அம்மரநிழலில் பாய் விரித்து அமர்ந்தோம்.

இன்று ஆயிரக்கணக்கானோர் கூடும் இக்கடற்கரையில், ஒரு காலத்தில் பகற்பொழுதில் நீராடுவதே சட்டத்திற்குப் புறம்பான செயலாக இருந்தது என்றால் வியப்பாக இருக்கும். 1902ஆம் ஆண்டில் வில்லியம் கோச்சர் என்னும் செய்தித்தாள் வெளியீட்டாளர், முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் பட்டப்பகலில் இங்கே கடலில் இறங்கினார். அடுத்த ஆண்டே உள்ளூர் மன்றம் பகல் நீராடலுக்கு இசைவளித்தது. 1914ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய கோடையில், ஹவாய்த் தீவைச் சேர்ந்த நீச்சல் வீரர் டியூக் கஹானமோக்கு, மேன்லிக்கு அடுத்துள்ள ஃபிரெஷ்வாட்டர் கரையில் மரப்பலகை ஒன்றின்மீது நின்று அலைமேல் சறுக்கிக் காட்டினார். 1964ஆம் ஆண்டில் அலைச்சறுக்கு உலகப் போட்டியே மேன்லியில் நடைபெறும் அளவிற்கு அக்கலை அங்கு வேரூன்றிவிட்டது.

அலைச்சறுக்கு செய்வோரை நாம் நெடுநேரம் நோக்கியிருந்தோம். பலகையின்மேல் அமர்ந்து அவர்கள் காத்திருப்பதே மிகுதி. பத்து அலைகளை விட்டுவிட்டு ஓர் அலையைத் தேர்ந்தெடுத்து, விரைந்து எழுந்து, சில நொடிகள் சறுக்கி, வீழ்ந்து, மீண்டும் நீந்திச் சென்று காத்திருக்கின்றனர். ஐம்பொறி இன்பத்தின் இயல்பே இதுதானே: வேட்கை நெடிது, நுகர்ச்சி நொடிப்பொழுது. ஆயினும் அவ்விளைஞர்களை இழித்துரைக்க நமக்கு மனம் வரவில்லை. அவர்களிடம் குடி இல்லை, சூது இல்லை, ஆரவாரம் இல்லை. பொறுமை இருந்தது, உடலை ஆளும் பயிற்சி இருந்தது.

இரு கொடிகளுக்கு இடையே

கடலில் நீராடுவது நமக்குத் தகுமா என்னும் ஐயம் வாசகர்கள் சிலர்க்கு எழலாம். ஸ்ரீ சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், ஆற்றிலும் கடலிலும் நீராடுவதையும், மணலையும் கல்லையும் குவிப்பதையும் உலக மயக்கங்களுள் வைத்துள்ளார். பேத்தி கரையில் மணற்கோபுரம் கட்டிக்கொண்டிருந்தபோது இதனை அவளிடம் கூறினோம். “நான் புண்ணியத்துக்காகக் கட்டவில்லையே, தாத்தா” என்றாள் அவள். அவள் கூற்று சரியே. நீராடினால் வினை கழுவப்படும், மணலைக் குவித்தால் நற்பேறு கிட்டும் என்று நம்புவதையே ஆசாரியர் மயக்கம் என்றார். உடல் குளிரவும் உள்ளம் மகிழவும் நீராடுவது வேறு. அது போகோபபோக பரிமாணம் என்னும் விரதத்தால் அளவிடப்பட வேண்டியது, அவ்வளவே.

அக்கடற்கரையில் நம்மைக் கவர்ந்தவை, மணலில் நாட்டப்பட்டிருந்த இரு கொடிகள். மேற்பாதி சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளும் ஆனவை. அவ்விரு கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதியிலேயே நீராட வேண்டும் என்பது அந்நாட்டுக் கடற்கரைகளின் பொது விதி. காரணம் யாதெனில், கரைநோக்கி அலைகள் தள்ளிக்கொண்டு வரும் நீர், மணல்திட்டுகளுக்கு இடையே உள்ள குறுகிய பள்ளங்களின் வழியே மீண்டும் கடலுக்குள் பாய்கிறது. அந்நீரிழுப்பில் சிக்கியவர் எத்துணை வல்லவராயினும் அதனை எதிர்த்து நீந்திக் கரை சேர்தல் அரிது. எதிர்க்காமல் மிதந்து, கையுயர்த்தி உதவி கேட்க வேண்டும். அன்றேல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலக வேண்டும். இதில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. நீரிழுப்பு உள்ள இடத்தில் அலை உடைவது குறைவாதலால், அறியாதார் கண்ணுக்கு அதுவே அமைதியான, பாதுகாப்பான இடமாகத் தோன்றும்.

நாள்தோறும் காலையில் கடலின் போக்கை ஆராய்ந்து, அன்றைக்கு ஏற்ற இடத்தில் கொடிகளை நாட்டுகின்றனர். கோடைக்கால வார இறுதிகளில் காவல்புரிவோருள் பலர் ஊதியம் பெறாத தொண்டர்கள். 1907ஆம் ஆண்டளவில் தோன்றிய இவ்வுயிர்காப்புச் சங்கங்களில், 1980ஆம் ஆண்டுவரை பெண்கள் முழு உரிமையுடன் காவற்பணி செய்ய இயலவில்லை. இன்றோ ஆணும் பெண்ணும் இணைந்து பணிபுரிகின்றனர். முன்பின் அறியாதவருக்காகத் தம் உயிரைப் பொருட்படுத்தாது அலையில் பாயும் அவர்கள் செயலை அபயதானம் என்னாமல் வேறு என்னென்பது?

கொடிகளை நோக்கியபோது நமக்கு தேசாவகாசிக விரதம் நினைவிற்கு வந்தது. குறித்த ஒரு காலத்திற்கு, ‘இவ்வீதிக்கு அப்பால், இவ்வயலுக்கு அப்பால் செல்லேன்’ என்று இல்லறத்தார் தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொள்வது அவ்விரதம். எல்லை வகுத்தவர் கட்டுண்டவர் ஆகார். எல்லைக்கு வெளியே நிகழக்கூடிய தீமைகளிலிருந்து நீங்கியவர் ஆவார். இதனைப் பேத்திக்கு விளக்கினோம். அவள் தலையசைத்துக் கேட்டுவிட்டு, தன் தந்தையுடன் கொடிகளுக்கு இடையே நீரில் இறங்கினாள்.

அபாயச் சங்கு

முற்பகல் 11 மணி இருக்கும். திடீரென அபாயச் சங்கு ஒலித்தது. நீரில் இருந்தோர் அனைவரும் கரை நோக்கி விரைந்தனர். ட்ரோன் எனப்படும் ஆளில்லா வானூர்தியின் வழியே கடலைக் கண்காணித்துக் கொண்டிருந்தவர்கள், சுறா ஒன்றின் நிழலைக் கண்டு எச்சரித்தனர் என்று அருகில் இருந்தோர் கூறினர். மகன் கரையேறி வந்தான். பேத்தி அவனுடன் இல்லை. கூட்டத்தில் கைவிட்டுப் போனதாகவும், முன்னரே கரையேறியிருப்பாள் என்று எண்ணியதாகவும் பதறினான். மருமகள் ஒருபக்கமும் மகன் மறுபக்கமுமாக ஓடினர். நம் இல்லத்தரசி மணலிலேயே அமர்ந்து பஞ்சமந்திரத்தை ஓதத் தொடங்கினார்.

நாம் என்ன செய்தோம்? நீரையே நோக்கி நின்றோம். அப்போது நம் உள்ளத்தில் எழுந்த எண்ணத்தை அப்படியே எழுதுகிறோம்: ‘இக்கடலில் உள்ள சுறாக்கள் அனைத்தும் செத்தொழியட்டும், நம் குழந்தை மட்டும் பிழைக்கட்டும்.’ எல்லா உயிர்களிடத்தும் நட்பு என்று ஐம்பது ஆண்டுகளாக நாள்தோறும் காலையில் ஓதிவரும் நாவிற்கு உரியவர் நாம். அந்நாவிற்கும் உள்ளத்திற்கும் இடையே இருந்த தொலைவை அன்று அறிந்தோம்.

நான்கு நிமிடமோ ஐந்து நிமிடமோ கழிந்தன. பேத்தி மணற்கரையின் வடபுறத்திலிருந்து நடந்து வந்தாள். அலை ஒதுக்கிய இடத்தில் கரையேறி, கூட்டத்தில் நம்மைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு யாதொரு தீங்கும் இல்லை. சுறாவும் எவரையும் தீண்டவில்லை. அது வந்த வழியே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்டதாகவும், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மீண்டும் நீராடலாம் என்றும் அறிவித்தனர். நம் உள்ளத்தில் நாம் கொன்ற உயிர்களுக்கோ கணக்கில்லை.

அனர்த்த தண்டத்தின் ஐந்து வகைகளுள் தீய நினைவு என்பதும் ஒன்று. வெறுப்பினாலோ பற்றினாலோ பிறர்க்குக் கொலை, கட்டு, வெட்டு முதலியன நிகழ வேண்டுமென எண்ணுதல் அது. வெறுப்பினால் அவ்வாறு எண்ணுவோரைக் கண்டிருக்கிறோம். பற்றினாலும் அது நிகழும் என்று பெரியோர் ஏன் சேர்த்துக் கூறினர் என்பது அன்றுதான் விளங்கியது.

கண்ணுக்குத் தெரியாத வலை

சற்றுத் தெளிந்தபின், காவற்பணியில் இருந்த தொண்டர் ஒருவரிடம் பேச நேர்ந்தது. வார நாட்களில் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றுபவர். “இங்கே சுறா வலை கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னார்களே, பிறகு எப்படிச் சுறா வந்தது?” என்று பேத்தி அவரைக் கேட்டாள். வலை என்பது மதில் அன்று என்று அவர் பொறுமையுடன் விளக்கினார். அவர் கூறியவற்றையும், பின்னர் நாம் படித்தறிந்தவற்றையும் சுருக்கமாகத் தருகிறோம்.

1937ஆம் ஆண்டு முதல் சிட்னிக் கடற்கரைகளில் சுறா வலைகள் இடப்பட்டு வருகின்றன. இன்று நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நியூகாசில் முதல் உல்லங்காங் வரை 51 கடற்கரைகள் இத்திட்டத்தில் அடங்கும். செப்டம்பரில் வலைகளை இட்டு, கோடை கழிந்தபின் எடுத்துவிடுவர். ஒவ்வொரு வலையும் 150 மீட்டர் நீளமும் 6 மீட்டர் உயரமும் கொண்டது. கரையிலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் தொலைவில், நீர்மட்டத்திற்குக் கீழே அது தொங்குகிறது. ஒன்றரைக் கிலோமீட்டர்க் கரைக்கு எதிரே 150 மீட்டர் வலை! அதன் மேலும் கீழும் பக்கங்களிலும் சுறாக்கள் தடையின்றி வந்து செல்ல இயலும். எனவே அது சுறாவைத் தடுப்பதற்கன்று. வருகின்றவற்றுள் சிலவற்றைச் சிக்கவைத்து, கரையோரத்தில் அவற்றின் நடமாட்டத்தைக் குறைப்பதற்கே.

வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா ஆகிய மூன்று இனங்களே குறியாக வைக்கப்பட்டவை. ஆனால் வலைக்கு இனம் தெரியாது. ஆண்டுதோறும் சிக்குவனவற்றுள் பெரும்பகுதி, மனிதர்க்குத் தீங்கு செய்யாத வேறு சுறாக்களும், திருக்கைகளும், கடலாமைகளும், சில வேளைகளில் டால்பின்களுமே. நீந்திக்கொண்டே இருந்தால்தான் மூச்சுவிட இயலும் என்னும் இயல்புடைய சுறாக்கள் வலையில் அசைவற்றுச் சிக்கி மடிகின்றன. மேலே வந்து காற்றை உட்கொள்ள வேண்டிய ஆமைகளும் டால்பின்களும் மூச்சடைத்து மடிகின்றன. டால்பின்களையும் திமிங்கிலங்களையும் எச்சரித்து விலக்குவதற்காக வலைகளில் ஒலிக்கருவிகள் பொருத்தப்படுகின்றன. ஆயினும் இடர் முற்றும் நீங்கவில்லை.

சாம்பல் நர்ஸ் சுறா என்னும் இனத்தின் வரலாறு தனியே எண்ணத்தக்கது. வாயைத் திறந்தால் ஊசிகள்போல் நீண்ட பற்கள் வெளியே தெரியும். அத்தோற்றத்தால் அதனை ஆட்கொல்லி என்று நம்பி நெடுங்காலம் வேட்டையாடினர். உண்மையில் அது சாதுவான மீன். அழிவின் விளிம்பிற்கு அது தள்ளப்பட்ட பின்னர், 1984ஆம் ஆண்டில் நியூ சவுத் வேல்ஸ் அரசு அதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. உலகிலேயே முதன்முதலாகச் சட்டத்தால் காக்கப்பட்ட சுறா அதுவே. அச்சமும் அறியாமையும் கூடினால் கொலை எவ்வாறு நியாயமாகத் தோன்றும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

பங்கு உண்டா?

தொண்டரிடம் விடைபெற்றுத் திரும்பியதும் பேத்தி கேட்டாள்: “தாத்தா, அந்த வலையை நாம் போடவில்லை. போடச் சொல்லவும் இல்லை. அப்படியானால் அந்தப் பாவம் நமக்கு இல்லை, இல்லையா?”

எளிய வினா. ஆனால் உடனே ‘ஆம்’ என்று கூற நம்மால் இயலவில்லை. மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும், தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என்னும் மூன்று வகையாலும் வினை வந்து ஊறும் என்பது நம் கோட்பாடு. நாம் வலை இடவில்லை, இடச் சொல்லவில்லை, அதுவரை உண்மை. ஆனால் சங்கு ஒலித்த அந்த ஐந்து நிமிடங்களில், மனத்தால் உடன்பட்டோம். உடன்பட்டது மட்டுமன்று, அந்த வலையைவிடப் பன்மடங்கு பெரிய வலையை மனத்தால் நெய்தோம்.

இங்கே ஒரு தடையை எழுப்பலாம். இல்லறத்தார் முற்றும் நீக்க வேண்டியது, கொல்ல வேண்டும் என்னும் கருத்தோடு செய்யும் கொலையே. தொழிலிலும், மனைச்செயலிலும், தற்காப்பிலும் நேரும் கொலையை இயன்ற அளவு குறைத்தால் போதும் என்பது நூல் வழக்கு. சுறா வலை தற்காப்பு அன்றோ? மனித உயிரைக் காக்கச் சில மீன்கள் மடிந்தால் அதனைக் குற்றமென்பது பொருந்துமா?

இத்தடை வலியற்றது அன்று. 2025ஆம் ஆண்டு செப்டம்பரில், மேன்லிக்கு வடக்கே லாங் ரீஃப் பகுதியில் அலைச்சறுக்கு செய்தவர் ஒருவர் சுறாவால் தாக்கப்பட்டு உயிரிழந்தார். சில கடற்கரைகளில் சோதனை முறையில் வலைகளை நீக்கிப் பார்க்கலாம் என்று எழுந்திருந்த அரசுத் திட்டம் அதன்பின் நிறுத்தி வைக்கப்பட்டது. மாண்டவரின் இல்லத்தார்முன் நின்று, ‘சுறாவும் ஓர் உயிரே’ என்று உபதேசம் செய்யும் துணிவு நமக்கு இல்லை, இருக்கவும் கூடாது. ஐந்து நிமிடங்கள் பேத்தியைக் காணாமல் நாம் என்ன ஆனோம் என்பதை மறந்துவிடவில்லை.

ஆயினும் இரண்டு செய்திகளைக் கருத வேண்டும். முதலாவது, தற்காப்பு என்பது நம் இல்லம் தேடி வந்து தாக்குபவரிடமிருந்து நம்மைக் காத்துக்கொள்வது. சுறா நம் இல்லத்திற்கு வரவில்லை. விளையாட்டின் பொருட்டு அதன் இல்லத்திற்குள் நாம் சென்றோம். கடலில் இறங்காவிடில் நம் உயிர்வாழ்விற்கு யாதொரு குறையும் இல்லை. தேவைக்காக நேரும் தீங்கையும், பொழுதுபோக்கிற்காக நேரும் தீங்கையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையாகாது. இரண்டாவது, தீங்கு குறைந்த வேறு வழி இருக்கும்போது, தீங்கு மிகுந்த வழியைத் தற்காப்பு எனக் கூறி அமைதி அடைதல் இயலாது. அன்று நம் அனைவரையும் எச்சரித்துக் கரையேற்றியது வலையன்று. வானிலிருந்து நோக்கிய கண்ணும், சங்கின் ஒலியும், தொண்டர்களின் விழிப்புமே.

ஆகவே பேத்திக்கு நாம் கூறிய விடை இது: “அம்மா, அறியாமல் நுகர்ந்தவரைக்கும் நம் பங்கு சிறிது. அறிந்தபின்னும் அதை எண்ணாமல் நுகர்ந்தால் பெரிது. ‘நல்லவேளை, வலை இருக்கிறது’ என்று மகிழ்ந்தால் இன்னும் பெரிது.” அவள் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “கொடி நம்மை அடக்குகிறது, வலை மற்றதை அடக்குகிறது. கொடி மட்டும் போதாதா?” என்றாள். இக்கட்டுரையின் தலைப்பை நமக்குத் தந்தவள் அவளே.

வலையில்லாத விரிகுடா

பிற்பகலில் கடலோரப் பாதை வழியே தெற்கே நடந்தோம். செல்லும் வழியில், பாறையை ஒட்டிச் சுவரெழுப்பிக் கடல்நீரைத் தேக்கிய சிறு நீராடுகுளம் ஒன்று உண்டு. ஃபேரி பவர் என்பது அதன் பெயர். அலைகள் சுவரைத் தாண்டி உள்ளே விழுகின்றன, நீர் புதுப்பிக்கப்படுகிறது, குழந்தைகள் அச்சமின்றி விளையாடுகின்றனர். சிட்னிக் கடற்கரைகள் பலவற்றில் இத்தகைய குளங்கள் உள்ளன. இங்கே கட்டப்பட்டிருப்பது மனிதரைச் சுற்றிய சுவர். பிற உயிரைச் சிக்கவைக்கும் வலையன்று. பேத்தி அங்கே ஒரு மணி நேரம் ஆசைதீர நீராடினாள்.

அதற்கப்பால் ஷெல்லி என்னும் சிறு கடற்கரை. அதனை உள்ளடக்கிய கேபேஜ் ட்ரீ விரிகுடா 2002ஆம் ஆண்டில் நீர்வாழ் உயிர்க் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அங்கே தூண்டில் இடவோ, வலை வீசவோ, சிப்பி ஒன்றை எடுக்கவோ எவர்க்கும் உரிமை இல்லை. மாநகரின் நடுவே, மக்கள் திரளும் ஒரு கடற்கரையை அடுத்து, கொல்லாமையைச் சட்டமாகக் கொண்ட ஒரு நீர்ப்பரப்பு! நீலக் குரோப்பர் என்னும் பெருமீன்கள் மனிதரைக் கண்டு அஞ்சாமல் அருகே வருமாம். பேத்தி கண்ணாடி அணிந்து நீருக்குள் நோக்கிவிட்டு, “ஒரு முழம் தூரத்தில் வந்து என்னைப் பார்த்தது, தாத்தா!” என்று கூவினாள். கோடையிலும் இலையுதிர்காலத்திலும் இளஞ்சுறாக்களும் அவ்விரிகுடாவில் கூடுவதுண்டு என்றும், மக்கள் சற்று விலகி நின்று அவற்றைக் கண்டு மகிழ்வர் என்றும் அங்கிருந்தோர் கூறினர். ஒரே நகரம், ஒரே கடல், ஒரே மக்கள். நடந்து செல்லும் தொலைவில் ஓரிடத்தில் அச்சம், ஓரிடத்தில் அபயம்.

பொழுது சாய்வதற்குமுன் மரநிழலில் உணவை முடித்துக்கொண்டு படகேறினோம். அன்றிரவு பிரதிக்கிரமணத்தில், பெயர் தெரியாத அச்சுறாவிடம் மன்னிப்பு வேண்டினோம். வழக்கமாக ஓதும் சொற்களே. ஆனால் அன்று அவை வாயளவில் நிற்கவில்லை.

நம் வயல்களிலும் வலை உண்டு

ஊர் திரும்பிய சில நாட்களில், நம் நெல்வயலில் புகையான் பூச்சிக்கு மருந்தடிக்க வேண்டுமென்று குத்தகைதாரர் வந்து கூறினார். வழக்கம்போல் பணத்தை எடுத்துக் கொடுக்கக் கை நீண்டது, இடையில் நின்றது. மருந்து அடிப்பவர் வேறொருவர்; சோறு உண்பவர் நாம். நாம் தெளிக்கவில்லை, ஆனால் நம் பொருட்டுத் தெளிக்கப்படுகிறது. மேன்லியின் வலை நம் வயலிலும் இருந்தது. இத்தனை ஆண்டுகள் அதனைக் காணாமல் இருந்தோம்.

உழவை விட்டுவிட இயலாது. நம் முன்னோரும் விட்டதில்லை. ஆனால் அளவைக் குறைக்கலாம் அல்லவா? உண்மையிலேயே மருந்து தேவைப்படும் அளவிற்குப் பூச்சி பெருகியுள்ளதா என்று பயிரை விலக்கிப் பார்த்தபின் முடிவு செய்வோம் என்று குத்தகைதாரரிடம் கூறினோம். தழைச்சத்து உரத்தை அளவுக்கு மீறி இட்டால் புகையான் பெருகும் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். களஞ்சியத்தில் எலிக்கு நஞ்சு வைப்பதை நிறுத்தி, தளத்தின் வெடிப்புகளைப் பூசி, கதவின் அடிப்பகுதிக்குத் தகடு அடித்தோம். அக்கடற்கரைக் குளத்தின் சுவரே நமக்கு அவ்வறிவைத் தந்தது. எலியைக் கொல்வதைவிட நம் நெல்லைச் சுற்றிச் சுவர் எழுப்புவது செலவு மிகுந்ததுதான். அச்செலவே நாம் செலுத்த வேண்டிய விலை. இதுகாறும் எலிகளே அதனைச் செலுத்தி வந்தன.

வாசகர்களே! தீங்கே நேராத இன்பம் ஒன்று இவ்வுலக வாழ்வில் உண்டு என்று நாம் கூறவில்லை. கடற்கரைக்குச் செல்லாதீர் என்றும் கூறவில்லை. நம் மகிழ்ச்சியைச் சுற்றி எவரோ ஒரு வலையைக் கட்டியிருக்கிறார்களா என்று ஒருமுறை கேட்டறியுங்கள். இருக்குமாயின், அதனிடத்தில் ஒரு கொடியை நாட்ட இயலுமா என்று எண்ணிப் பாருங்கள். அவ்வளவே நம் வேண்டுகோள்.

பேத்தி இன்றும் கொடிகளுக்கு இடையே அலையில் நீந்துகிறாள். நாம் தடுக்கவில்லை. சென்ற பரியூஷணத்தின்போது தொலைபேசியில் பேசியபோது, தானாகவே ஒரு சிறு நியமம் ஏற்றிருப்பதாகக் கூறினாள்: “சங்கு ஊதினால் உடனே வெளியே வந்துவிடுவேன், தாத்தா. ஆனால் அதைத் திட்ட மாட்டேன். அது அதன் வீட்டில்தானே இருக்கிறது.”

அந்த ஐந்து நிமிடங்களில் நம்மால் இயலாததை, அவள் நியமமாகவே ஏற்றுக்கொண்டாள்.

வாழ்க அறம்!